நாலாவது அடுக்கு

ஆட்ரி மூன்று அடுக்கு வைத்து ஓவனில் ஏற்றிய சீஸ்கேக் பார், வெளியே வரும்போது நான்கு அடுக்காக இருந்தது. கிறிஸ்மஸ் முடிந்து புத்தாண்டு பிறப்பதற்குள் வந்த ஒரு சனிக்கிழமை காலையில் அது நடந்தது. கீழே வெண்ணெய் விட்டு நொறுக்கிய பிஸ்கட், நடுவில் கிரீம் சீஸ், மேலே சாக்லேட் துண்டுகள் பதித்த குக்கீ மாவு, அவ்வளவுதான் அவள் வைத்தது. ஆறவைத்து வெட்டிப் பார்த்தால், சீஸுக்கும் குக்கீக்கும் நடுவே, கருக்கிய சீனிப்பாகின் நிறத்தில் இன்னொன்று சாவகாசமாகப் படுத்திருந்தது. ஆட்ரி அதைக் கத்தி முனையில் எடுத்து நாக்கில் வைத்தாள். முதலில் ஒரு கசப்பு, பிறகு இஞ்சி தின்றதுபோல ஒரு காரம், அதற்கும் பிறகு மெதுவாக வருகிற இனிப்பு. மழை வருகிற மாதிரி இருந்ததால் போய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து வந்துவிட்டு, துண்டுகளை டப்பாவில் அடுக்கினாள்.

கோலாலம்பூருக்குத் தெற்கே, மந்தினிலிருந்து உள்ளே போனால் புக்கிட் கெலாடி தோட்டம். ரப்பரை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டபோது பழைய லயன் வீடுகளையும் இடித்து, ரோட்டோரமாக ஒரே வரிசையில் கல்வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். இந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். ஆட்ரி அங்கே குடிவருவதற்கு முன்பே சுவருக்கு இந்தப் பக்கம் மாதவி இருந்தாள். அவள் புருஷன் திருச்செல்வம் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டினான். அந்த வரிசையில் முதலில் ஓவன் வாங்கியவள் மாதவி, கேக் என்றாலே மாதவி. பிறந்தநாள், காதுகுத்து, தீபாவளி எதுவானாலும் அவளுடைய பட்டர் கேக் இல்லாமல் நடந்ததில்லை, அவள் கேக்கை வெட்டாமல் அங்கே ஒரு பிள்ளைக்கும் ஒரு வயது கூடியதில்லை. அடுத்த வீட்டுக்கு வந்த ஆட்ரி அவளைவிட இளையவள். அவள் புருஷன் யூஜினுக்கு கெமாஸில் ரயில்வே வேலை, வாரத்தில் ஒருநாள்தான் வீட்டுக்கு வருவான். பொழுது போகாமல் ஆட்ரி கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து இந்தப் பாரைச் செய்யக் கற்றுக்கொண்டாள்.

முதல் தடவை செய்தபோது அதற்கு மூன்று அடுக்குதான். கிறிஸ்மஸ் அன்று நீலப்பூ போட்ட கண்ணாடித் தட்டில் வைத்து மாதவி வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். வீட்டில் மாதவியைத் தவிர யாரும் இல்லை. மாதவி ஒரு துண்டைச் சும்மா ருசி பார்க்கத்தான் எடுத்தாள். நின்ற நிலையிலேயே தட்டு முழுவதையும் தின்று முடித்தாள். எங்கேயாவது ஒரு குறை கிடைக்காதா என்று கடைசித் துண்டு வரைக்கும் தேடினாள், கிடைக்கவில்லை. அடிப்பக்கம் நொறுங்கவில்லை, சீஸ் தண்ணீர் விடவில்லை, மேல்மாவு வேகாமலும் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அந்த வரிசையில் பலகாரம் வந்த தட்டை யாரும் வெறுமனே திருப்பித் தருவதில்லை. கொடுக்க ஒன்றுமே இல்லாத வீட்டில்கூட ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் தருவார்கள். மாதவி வீட்டில் டப்பா நிறையச் சீனி இருந்தது, ஆனால் கை போகவில்லை. தட்டைக் கழுவி, வேலிக்கு மேலே காலியாக நீட்டினாள். ஆட்ரி தட்டுக்குள் ஒரு தடவை பார்த்தாள், பிறகு மாதவியைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அந்த வாரச் சனிக்கிழமைதான் நாலாவது அடுக்கு வந்தது.

அதன் பிறகு ஆட்ரி சுட்டதெல்லாம் நாலு அடுக்குதான். சாப்பிட்டவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி ஆனது. தன் தட்டில் இருப்பதைவிடப் பக்கத்துத் தட்டில் இருக்கிற துண்டு பெரிதாகத் தெரிந்தது. தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பழைய மண்டோர் சன்னாசியும் அவர் மனைவி செல்லம்மாவும் உட்கார்ந்த இடத்திலேயே தட்டை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, கடைசியில் இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள். ஒரு பார் சாப்பிட்டவர் இன்னும் நாலு வேண்டும் என்று ஆளனுப்பினார். சிரம்பானில் அலுவலகங்களுக்குப் போனது, அங்கிருந்து ரயிலில் கோலாலம்பூருக்கும் போனது. டப்பா திறந்த ரயில்பெட்டியில் முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவர் மடியை ஒருவர் பார்த்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஆட்ரி கோயிலிலிருந்து பாதிரியாரை அழைத்து ஓவனுக்குப் புனிதநீர் தெளிக்கச் சொன்னாள். அன்றைக்கும் நாலு அடுக்குதான். பாதிரியார் இரண்டு துண்டு சாப்பிட்டார், போகும்போது கூட வந்த உபதேசியாரின் தட்டைப் பார்த்துக்கொண்டே போனார்.

மாதவி பிடிவாதமாக அதை வாயில் வைக்கவில்லை. அவளிடம் கேக் கேட்டு வருவதையும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கேட்டு வந்த ஒன்றிரண்டு பேரும், ஆட்ரி வீட்டுக் கதவு பூட்டியிருந்ததால் வந்தவர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மிக்ஸர் சுற்றுகிற சத்தம் கேட்டாலே அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. சமையல்கட்டில் சாமானைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தாள். ஒருநாள் பிறந்தநாள் வீட்டில் யாரோ வலியத் தட்டைக் கையில் திணிக்க, தட்ட முடியாமல் ஒரு வாய் சாப்பிட்டாள். மூன்று அடுக்கும் ஆட்ரியுடையது. நாலாவது நாக்கில் பட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நம் தலையணை வாசம் நமக்குத் தெரிவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கசப்பு, அந்தக் காரம், எல்லாம் அவளுடையது. இத்தனை நாள் வாயைத் திறக்காமல் அவள் விழுங்கியதெல்லாம் அங்கே போய் வெந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து கவனித்தாள், கணக்கு பிசகவில்லை. ஆட்ரி வீட்டுக்கு இரட்டைக்கதவு ஃபிரிட்ஜ் வந்து இறங்கிய வாரம் அடுக்கு விரல் கனத்துக்கு இருந்தது. மாதவியின் மகன் சசிதரனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்து, அவள் நாள் முழுக்கச் சிரித்த முகமாகத் திரிந்தபோது அது காகிதம்போல மெலிந்தது, வாங்கினவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். தானே அதே பாரைத் தன் ஓவனில் சுட்டுப் பார்த்தாள். ஆட்ரியின் முகத்தை நினைத்தாள், ஃபிரிட்ஜை நினைத்தாள், பல்லைக் கடித்தாள். மூன்றுக்கு மேல் ஏறவில்லை. பொறாமை எப்போதும் அடுத்த வீட்டுக்குத்தான் போகிறது, சொந்த வீட்டில் தங்குவதில்லை.

"ஏங்க, அந்த நாலாவது அடுக்கு என்னோடது," என்று திருச்செல்வத்திடம் சொன்னாள்.

அவன் சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒன்னோடதுன்னா எதுக்கு அவ வீட்டு ஓவன்ல வருது?"

எரிச்சலைவிட இப்போது இன்னொன்று அவளைத் தின்றது. இத்தனை ஊர் நாக்கில் வைத்துக் கொண்டாடுவது அவள் வயிற்றிலிருந்து வந்தது, டப்பாவின் மேலே ஒட்டியிருக்கிற பேரோ ஆட்ரியுடையது. அவளுடைய பட்டர் கேக்கை ஒருவரும் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு தின்றதில்லை. தன் மீதே பொறாமைப்பட வேண்டிய நிலைமை அவளுக்கு. மூன்றாவது கிறிஸ்மஸுக்கு அப்புறம் அவளால் முடியவில்லை. துணி காயப்போட வந்த ஆட்ரியை வேலியோரத்தில் மடக்கினாள்.

"ஆட்ரி, மறைக்காம சொல்லு. அந்த நடு அடுக்கு எங்கேருந்து வருது?"

ஆட்ரி கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். "ஒங்ககிட்டேருந்துதான்கா."

மாதவி சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள், இதற்குத் தயாராக வரவில்லை. "தெரியுமா ஒனக்கு?"

"தட்டு காலியா வந்தப்பவே தெரியும்லா. அதுல வரவேண்டியது வேற வழியா வந்துச்சு, அவ்ளோதான். சொன்னா நிறுத்திடுவீங்களோன்னு பயந்துட்டேன்கா." அவள் வேலிக்கம்பியை நகத்தால் சுரண்டினாள். "அந்தப் பெரிய ஃபிரிட்ஜ் எனக்கு எதுக்குங்கறீங்க? ஒத்த ஆளு நான். யூஜின் வர்றதே ஒருநாள். நீங்க வாசல்ல நிக்கற நேரமாப் பாத்துத்தான் லோரிய வரச் சொன்னேன்."

மாதவிக்கு அவளை அறையவும் தோன்றியது, சிரிக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. "என் பேரு அந்த டப்பாவுல வரணும்," என்றாள்.

ஆட்ரி கெட்டவள் இல்லை. மறுவாரமே புது ஸ்டிக்கர் அடித்து வந்தாள், ஆட்ரி, மாதவி என்று இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில். மாதவி ஒன்றை வாங்கித் தன் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினாள், இன்னொன்றை மகனுக்குப் படம் பிடித்து அனுப்பினாள். கோயிலுக்குப் போகிற வழியில் வரிசை முழுக்க நின்று நின்று பேசினாள். ஆட்ரியின் வீட்டுக்குத் தட்டு நிறைய நெய்யுருண்டை போனது. அந்தச் சனிக்கிழமை பார் மூன்று அடுக்காக வந்தது. அடுத்த சனிக்கிழமையும் மூன்றுதான்.

தோட்டத்தில் கணக்கெழுதிய பழைய கிராணியின் மகன் சுகுமாறன் வீட்டில் அப்போது கல்யாணம் கூடியிருந்தது. சிரம்பானில் மண்டபம், விருந்தாளிகளுக்கெல்லாம் ஆட்ரியின் பார் என்று முடிவு. மாதிரிக்கு அனுப்பிய டப்பாவைத் திறந்துவிட்டு அவர் மனைவி போன் செய்தாள். நல்லாத்தான் இருக்கு, ஆனா இது அது இல்லையே என்றாள், பழைய மாதிரி வரவில்லையென்றால் வேறு இடம் பார்க்கிறோம் என்றாள். ஆட்ரியும் மாதவியும் ஓவன் கண்ணாடி முன்னால் குனிந்து நின்று பார்த்தார்கள். ஆட்ரி ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினாள். யூஜின் வாங்கித் தந்த சங்கிலியை எடுத்துப் போட்டுக் காட்டினாள். அழகா இருக்கு ஆட்ரி என்றாள் மாதவி. மனதாரச் சொன்னாள், அதுதான் கஷ்டம். உள்ளே தேடித் தேடிப் பார்த்தாள். அடுப்பணைத்த சமையல்கட்டு மாதிரி வயிறு குளிர்ந்து கிடந்தது.

அன்று சாயங்காலம் முழுக்க மாதவி யோசித்தாள். டப்பாவின் மேலே பேர் இருக்கிறது, டப்பாவுக்குள்ளே அவள் இல்லை. பேர் இல்லாத நாட்களில் கோலாலம்பூர் வரைக்கும் போனவள், பேர் வந்த பிறகு எங்கேயும் போகவில்லை. அவள் வாழ்நாளில் செய்ததிலேயே நல்லது அந்த அடுக்கு ஒன்றுதான், அதைத் தானே சாகடித்துவிட்டோம் என்று அவளுக்குத் துக்கமாக வந்தது. காலையில் ஆட்ரியின் வீட்டுக்குப் போனாள். மேசையில் இருந்த டப்பாவை இழுத்து, ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"என் பேர எடுத்துரு."

"எரியும்கா," என்றாள் ஆட்ரி.

"எரியட்டும். ஒருத்தருக்கும் சொல்லாத, எனக்கும் ஞாபகப்படுத்தாத. இந்த வேலில நாம பேசினதையே மறந்துரு." வாசல்வரை போய்த் திரும்பினாள். "வாராவாரம் ஒரு துண்டு மட்டும் எனக்கு வந்துரணும்."

ஆட்ரி சொன்னதைச் செய்தாள், சொல்லாததையும் செய்தாள். புது ஸ்டிக்கரில் தன் பேரை மட்டும் தங்க எழுத்தில் அடித்தாள். கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டுப்புடவையை, மாதவியின் சமையல்கட்டு ஜன்னலுக்கு நேரே வேலியில் விரித்துப் போட்டாள். தானே சொல்லிச் செய்ததுதானே, அப்புறம் எப்படி எரியும் என்று கேட்கிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரியின் பேர் வெயிலில் தங்கமாக மின்னி ஒருநாளும் பார்த்திராதவர்கள். மாதவி ஜன்னலில் நின்று பார்த்தாள். அந்தப் பச்சை அவளுக்குப் பிடித்த பச்சை. என் பேரை எடு என்று சொன்னால் உடனே எடுத்துவிடுவதா, ஒரு வார்த்தை மறுக்கக் கூடாதா என்று தோன்றியதும் குப்பென்று பற்றிக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்ரி ஓவனைத் திறந்தபோது நாலாவது அடுக்கு இரண்டு விரல் கனத்துக்கு எழும்பியிருந்தது.

கல்யாண மண்டபத்தில் அன்று சாம்பாரைப் பற்றி யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை பெண்ணின் தட்டைப் பார்த்தார், பெண் மாப்பிள்ளையின் தட்டைப் பார்த்தாள், சம்பந்திகள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே தட்டை மாற்றிக்கொண்டார்கள். சுகுமாறன் ஆட்ரியை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். அவள் அந்தப் பச்சைப் புடவையில் கும்பிட்டபோது மண்டபமே கைதட்டியது. மாதவிக்கும் திருச்செல்வத்துக்கும் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் மேசை. எதிரில் உட்கார்ந்திருந்த மோகனா, சுகுமாறனின் தங்கை, ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்.

"நீங்க பக்கத்து வீடாமேக்கா. அவங்ககிட்ட கொஞ்சம் கத்துக்கிட்டா நீங்களும் செய்யலாம்லா?"

"எங்கேம்மா, நமக்கு அந்தக் கை இல்ல," என்றாள் மாதவி. தொண்டைவரை எரிந்தது. மோகனா அதற்குள் பேச்சை விட்டுவிட்டு மாதவியின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மண்டபத்தில் அடுத்தவர் தட்டைப் பார்க்காமல், தன் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட்டு முடித்தவள் மாதவி ஒருத்திதான். நன்றாக வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

இப்போதும் சனிக்கிழமைகளில் நீலப்பூத் தட்டு வேலியைத் தாண்டி வருகிறது, அதில் ஒரு துண்டு. மாதவி நின்றபடியே தின்கிறாள், தட்டைக் கழுவித் துடைத்துக் காலியாக நீட்டுகிறாள். ஆட்ரி உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டு, சரிக்கா என்று வாங்கிக்கொண்டு போகிறாள். போன மாதம் மாதவி குளித்துக்கொண்டிருந்தபோது, திருச்செல்வம் மரியாதை தெரிந்தவனாக அந்தத் தட்டில் இரண்டு பிடி சீனியைப் போட்டு வேலிவரை கொண்டுபோய்விட்டான். ஆட்ரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாங்க மாட்டேன் என்று நின்றாள். மாதவி ஈரத்தலையோடு ஓடிவந்து தட்டைப் பிடுங்கினாள், சீனியைச் செம்பருத்திச் செடிக்கடியில் எறும்புகளுக்குக் கொட்டினாள், முந்தானையால் ஒரு துகள் இல்லாமல் துடைத்துக் காலித் தட்டை ஆட்ரியின் கையில் கொடுத்தாள்.