குழலின் முனைத்துண்டு

தோள்பட்டை அறுவைக்குப் பின் நீளத்துப்பாக்கியைத் தொடவே கூடாது என்று வெர்னாவுக்கு மருத்துவர் கட்டளையிட்டிருந்தார். மான் பருவமோ நெருங்கிவிட்டது. வீட்டில், குழலைக் கழற்றி மாற்றத்தக்க ஒற்றைக்குண்டுக் கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. அதற்குப் பொருந்தும், மானை வீழ்த்தவல்ல பெரிய குண்டுக்கான பழைய குழலொன்றை வேட்டைச் சங்கத்தின் சந்தையில் பிடித்தாள். இவ்வாண்டு அவள் காட்டுக்குப் போவதும் போகாததும் இனி அந்தக் குழலைப் பொறுத்தது.

குழலின் முனையில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு துண்டு திருகப்பட்டிருந்தது. அது எதற்கென்று விற்றவருக்கும் தெரியவில்லை.

புதிதாக வாங்கிய குழலின் முதல் குண்டை, உடையவரே எல்லாரும் பார்க்கச் சுடவேண்டும் என்பது இந்தியானாவின் அந்தச் சங்கத்தில் வழக்கம். சனிக்கிழமை சுடுகளத்தில் வெர்னாவின் முறை வந்தது.

"அது சுடும்போது துப்பாக்கி பின்னால உதைக்கிறதை அடக்குற துண்டு. அப்படியே வச்சுச் சுடு," என்றான் அவள் அண்ணன் டெல்மர்.

"அதுக்குப் பக்கவாட்டுல ஓட்டை இருக்கணுமே, புகை போக. இதுல எங்க இருக்கு?"

"தினமும் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டக் கிளம்பும்போதும் டயர் டயரா விசாரிப்பியா?"

"ஆமா. அதான் பிள்ளைங்க முழுசா வீடு போய்ச் சேருது."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. களப் பொறுப்பாளர் ராஸ்கோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அங்க மதியச் சாப்பாடு ஆறுது, வெர்னா. சுடுறியா, கும்பிட்டு உள்ள வைக்கிறியா?"

பிறர் கைப்பட்ட குழலைத் துடைக்காமல் அவள் சுடுவதில்லை. குழலைத் தனியே கழற்றி, இறுகச் சுற்றிய துணியோடு துப்புரவுக் கம்பியைப் பின்புறத்திலிருந்து செலுத்தினாள். குண்டைச் சுழற்றிவிடக் குழலின் உட்சுவரில் வெட்டிய முறுக்கு வரிகளைப் பற்றிக்கொண்டு கம்பி அவள் கையில் மெல்லச் சுழன்றது. முனைத்துண்டை எட்டியதும் சுழற்சி நின்றது. கம்பி நேராகவும் இறுக்கமாகவும் நகர்ந்தது. மறுபடி செலுத்தினாள், மறுபடியும் அப்படியே.

வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். குழலின் வரிகள் முறுக்கிச் சென்றன. முனைத்துண்டின் வரிகளோ நேரானவை, வாயும் குறுகல்.

குண்டு நேரே பறக்கச் சுழற்சி வேண்டும். அதைக் கொடுத்துவிட்டு முனையில் பறிப்பவர் யார்? சுழற்சியை விரும்பாதது ஒன்றே: கடுகாய்ச் சிதறும் ஈய ரவை. சுழன்றால் அது வட்டமாக விரிந்து இலக்கைத் தப்பவிடும். குழலின் பின்புற அறை அவளுடைய தோட்டாவுக்கு மிகையாக நீண்டிருந்ததும் இப்போது பொருள்பட்டது. ரவைத் தோட்டாவும் அதில் அடங்கும்.

"இது ரவைக்கு. குண்டு போட்டா வாயில முட்டி, முனை பிளந்துரும்," என்றாள்.

"யாரு சொன்னா?" என்றான் டெல்மர்.

"கம்பி."

ராஸ்கோ குழலை வாங்கி உள்ளே நோக்கினார். கம்பியைத் தாமே ஒருமுறை செலுத்தினார். பிறகு திருகுகோலை எடுத்துவந்து துண்டைக் கழற்றிக் கொடுத்தார்.

"பிளந்த குழலோட வந்தவங்களப் பாத்திருக்கேன்," என்றார். "பிளக்குறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்ச ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

வெர்னா குழலைப் பூட்டினாள். மூன்று முறை சுட்டாள். இலக்கில் விழுந்த மூன்று துளைகளையும் ஒரு உள்ளங்கை மறைக்கும். வரிசையில் இப்போது சிரிப்பில்லை. யாரோ கைதட்டத் தொடங்க, மற்றவர்களும் தொடர்ந்தனர். தலை குனியவேண்டிய தேவை எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை; நிமிர்ந்தே நின்றாள்.

டெல்மர் தொண்டையைச் செருமினான். "நானும் போன மாசம் ஒரு பழைய குழல் வாங்கினேன். கொஞ்சம் பாத்துச் சொல்றியா?"

"வரிசையில நில்லு," என்றாள் வெர்னா.

அவனுக்கு முன்னால் ஏற்கெனவே இருவர் நின்றிருந்தனர்.