மேய்ப்பன் வடிவத்தில் ஓர் ஓட்டை

சபையில் எல்லோரும் அவளைத் தபாலக்கா என்றே கூப்பிட்டார்கள். படித்து முடித்த கிறிஸ்தவப் பத்திரிகைகளை வீடு வீடாக வாங்கி, கேட்டு எழுதுகிறவர்களுக்குத் தபாலில் அனுப்புவது அவள் செய்துவந்த ஊழியம். கர்த்தர் தந்தது என்பாள் அவள். நீயாக இழுத்துப் போட்டுக்கொண்டது என்பார் கணவர்.

பத்திரிகைகள் வந்து சேரும் கோலத்தைப் பார்த்தால் அவளுக்கே கணவர் கட்சியில் சேர்ந்துவிடலாமா என்று தோன்றும். ஒன்றில் எண்ணெய்க் கறை இருக்கும். இன்னொன்றில் யாரோ வேதாகமப் புதிரைப் பேனாவால் நிரப்பி, மோசேயை நோவாவின் பேழையில் ஏற்றியிருப்பார்கள். கொடுக்கிறபோது மட்டும் எல்லோர் முகத்திலும் பொன்னை அள்ளிக் கொடுக்கிற பெருமை.

அந்தச் சனிக்கிழமை காலையில் ஒரு லாரி டிரைவருக்கான இதழைக் கட்ட எடுத்தாள். இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அவர், அதில் வரும் தொடர்கதையை வார்டுக்கே உரக்கப் படித்துக் காட்டுகிறவர். கோபித்துக்கொண்டு போன தம்பி பல வருடம் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான் என்பதோடு போன இதழ் நின்றிருந்தது. அண்ணன் திறப்பானா மாட்டானா என்று வார்டில் ஒரே சண்டை என்று எழுதியிருந்தார். ‘அடுத்த வாரம் எனக்கு ஆபரேஷன். அதற்குள் முடிவு தெரிந்தால் தேவலை. எனக்கும் ஒரு அண்ணன் உண்டு.’

பக்கத்தைத் திருப்பினாள். கதை முடியும் இடத்தில் மேய்ப்பன் வடிவத்தில் ஓர் ஓட்டை. மறுபக்கத்துப் படத்தைச் சுற்றி, கோலும் தலைப்பாகையும் தோளில் ஆடுமாக, கத்தரி அத்தனை நறுவிசாக வளைந்து போயிருந்தது.

யார் கைவரிசை என்று யோசிக்க வேண்டியதே இல்லை. ஞாயிறு பள்ளி நடத்தும் நாத்தனார் வியாழக்கிழமை வந்து, பத்திரிகைக் கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போயிருந்தாள். வேறு பிரதி கிடைக்குமா என்று தபாலக்கா இரண்டு வீட்டில் கேட்டுப் பார்த்தாள். ஒரு வீட்டில் அது பழைய பேப்பர்காரனிடம் போயிருந்தது. இன்னொரு வீட்டில் அலமாரித் தட்டில் விரித்து, மேலே டப்பாக்களை அடுக்கியிருந்தார்கள். முடிவிருந்த மூலையில் மண்ணெண்ணெய் ஊறி எழுத்தே தெரியவில்லை. தபால் ஆபீஸ் மதியத்தோடு மூடிவிடும். இதழையும் உறையையும் எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பினாள்.

நாத்தனார் வீட்டுக் கூடத்தில் பெரிய அட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பச்சைத் தாளில் புல், பஞ்சில் ஆடுகள், நடுவே நம் மேய்ப்பன், கோந்தில் பளபளவென்று.

தபாலக்கா விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் அசரவில்லை. ஒரு துண்டுக் காகிதம் குறைந்தால் குடியா முழுகிவிடும், முடிவை நீயே ஒன்று எழுதி அனுப்பேன் என்றாள். நாளைக்குப் பிள்ளைகளின் பெற்றோர் எல்லாம் பார்க்க வருகிறார்கள் என்றாள். பிறகு, பொறுமையின்மை பற்றிச் சிறு பிரசங்கம் ஒன்றும் செய்தாள். தபாலக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

“ராத்திரி பூரா உக்காந்து ஒட்டினேன். இத்தனை ஆட்டையும் மேய்ப்பன் இல்லாம நிக்க விடச் சொல்றியா?”

“அவரு அதுகளை விட்டுட்டுத்தானே அண்ணி ஒத்தை ஆட்டைத் தேடிப் போனாரு?”

வேதத்து உவமை சொல்கிற எண்ணத்தில் அவள் அதைச் சொல்லவில்லை. எரிச்சலில் வாயில் வந்துவிட்டது. நாத்தனார் அட்டையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அடுப்பில் கெட்டிலை வைத்தாள்.

ஆவியில் காட்டக் காட்டக் கோந்து இளகியது. நாத்தனாரே நகத்தால் நெம்பினாள். “நீ தொடாத, கிழிச்சிடுவ” என்று அதட்டியும் கொண்டாள். கோலின் நுனி மட்டும் அட்டையோடு நின்றுவிட்டது, எழுத்து தப்பித்தது. திருப்பிப் பார்த்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள், உதடு அசைய அசைய.

“அண்ணி, மணியாகுது.”

“இரு. கதவைத் திறந்துட்டான். ஆனா பேச மாட்டேங்கிறான்.”

“அண்ணி.”

“தட்டுல சோறு போட்டு வைக்கிறான் பாரு. ஒரு வார்த்தை பேசாம.” மூக்கை உறிஞ்சினாள். “ஆமா, எதுக்குடி அந்தத் தம்பி கோவிச்சிட்டுப் போனான்?”

தபாலக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மேய்ப்பனைப் பிடுங்கி ஓட்டையில் பொருத்தி, பின்னால் தாள் வைத்து ஒட்டி, உறையில் போட்டு வாசலுக்கு ஓடினாள். நாத்தனாரும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள்.

“நடந்துக்கிட்டே சொல்லேன். மூச்சு வாங்காம முதல்ல இருந்து சொல்லு.”

வேறு வழி? வெயிலில் வேகுவேகென்று நடந்தபடி, முதல் இதழிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள் தபாலக்கா.