சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு விவாகரத்து

அணை கட்டி முடிந்தால் யாங்சி ஆறு மேலேறி வரும், வான்ஷோவின் படித்துறைத் தெருக்கள் எல்லாம் மூழ்கும் என்று சொல்லி, எங்கள் சுவர்களில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கோட்டுக்குக் கீழே இருந்தவர்களுக்கு மேட்டில் புது வீடு. குடும்பத்துக்கு ஒன்று. புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்துவிட்டால் அது இரண்டு குடும்பம். இந்த சூட்சுமம் பிடிபட்ட நாளிலிருந்து எங்கள் தெருவில் விவாகரத்து தொற்றுநோய்போலப் பரவியது. யார் நிஜமாகப் பிரிகிறார்கள், யார் நடிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

ரான் சுய்பிங் என் எதிர்வீட்டுக்காரி. துறைக்கு இறங்கும் படியோரம் நூடுல்ஸ் கடை வைத்திருந்தாள். அவள் புருஷன் மோவ் ஷோதே துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. அவன் அப்பாவும் தாத்தாவும் அதே படிகளில், மரத்துக்கு மெருகு பூசும் டங் எண்ணெய்ப் பீப்பாய் சுமந்தவர்கள். ஒரு காலத்தில் அந்த எண்ணெயால்தான் எங்கள் ஊர் கொழித்தது. அதைத் தேடித்தான் வெள்ளைக்காரன் கப்பலும் வந்தது. வந்த இடத்தில் தகராறு முற்றி ஊரின்மேல் பீரங்கியும் சுட்டது. ஷோதே குடித்தால் இந்தக் கதையைத்தான் சொல்லுவான். படிக்கட்டே தன் பரம்பரைச் சொத்து என்பதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான்.

அவன்தான் ஒருநாள் சாப்பிடும்போது ஆரம்பித்தான்.

“நாமளும் பிரிஞ்சிரலாமா?”

சுய்பிங் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “என்ன சொன்ன?”

“காகிதத்துல மட்டும்தான்டி. வீடு கைக்கு வந்ததும் திரும்பப் பதிஞ்சுக்கலாம். ஒண்ணுல இருப்போம், இன்னொண்ண வாடகைக்கு விடுவோம்.”

“இது உனக்கே தோணுச்சா, யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?”

“தெருவே பண்ணுதே!”

“தெரு பண்ணட்டும். கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு உப்பு டப்பா வாங்கறதுக்குக்கூட நீ யோசனை சொன்னதில்லையேய்யா!”

ஆனாலும் ஒத்துக்கொண்டாள். “வேணாம்னு சொன்னா நான் பயந்துட்டேன்னு நெனப்பான் அக்கா” என்றாள் என்னிடம். பயந்துதான் இருந்தாள்.

காகிதம் முடிந்தது. தனித்தனியாக வாழ்கிறார்களா என்று அதிகாரிகள் சோதிக்க வருவார்கள் என்பதால், ஷோதே துணி மூட்டையுடன் துறைமுகக் கிடங்கை ஒட்டிய அறைக்குப் போனான். வாரத்துக்கு ஒருமுறை கடைக்கு வந்து, யாரோ வாடிக்கையாளர் மாதிரி ஓரத்தில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டான்.

அப்போதுதான் சுய்பிங்குக்கு மூக்கில் ஏறியது. கயிறும் வியர்வையும் நாறுகிறவன் மேல் எலுமிச்சை வாசனை. கறுத்துக் கிடந்த நகங்கள் வெளுத்திருந்தன.

“எந்த சோப்பு போடற?”

“கைக்குக் கெடச்சது.”

துறையில் போய் விசாரித்தாள். அங்கே உட்கார்ந்திருந்த சுமைக்காரர் ஒருவர் சிரித்தார். “மேஸ்திரியா? அவரு இப்பல்லாம் மத்தியானமே மேட்டுக்கு பஸ் ஏறிடறாரு தங்கச்சி. ராஜா மாதிரி.”

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு அவன் ஏறிய பஸ்ஸிலேயே பின்வாசல் வழியாக ஏறினாள். முகத்தைத் துணியால் மூடியிருந்தாள். புது ஊரில் இறங்கியவன் வெள்ளை ஓடு பதித்த ஒரு கட்டடத்தின் பின்வாசலைத் தட்டினான். முடி சுருட்டிய ஒரு பெண் கதவைத் திறந்து, அவன் தோளில் தட்டி உள்ளே கூட்டிப் போனாள்.

“பாத்தியா அக்கா” என்றாள் சுய்பிங். நான் தடுப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே ஆவி மண்டிய ஓட்டல் சமையலறை. ஷோதே முக்காலியில் குந்தியிருந்தான். முன்னால் அண்டா நிறைய எண்ணெய்த் தட்டுகள். முழங்கைவரை எலுமிச்சை சோப்பு நுரை.

“யாரும்மா நீ?” என்றாள் சுருட்டை முடிக்காரி.

“இவன் பெண்டாட்டி!”

“விவாகரத்து ஆச்சுன்னாரே?”

ஷோதே தட்டைப் பார்த்துக்கொண்டே சுய்பிங்கிடம் பேசினான். “வசந்தத்துலயே மேஸ்திரிங்கள வேலையிலேருந்து நிறுத்திட்டாங்க. புதுத் துறையில கிரேன் வருது. மேஸ்திரி எதுக்கு? கெடங்குக்காரன் பாவம் பாத்து அறையை மட்டும் விட்டுவெச்சிருக்கான்.”

“ஏன்யா எங்கிட்டச் சொல்லல?”

“மோவ் வீட்டு ஆம்பள தட்டு கழுவறான்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது? நீ சிரிப்ப.”

திரும்பும் பஸ்ஸில் நிம்மதியாக இருப்பாள் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். “பொம்பள சகவாசம்னா ஒரு நாள் திட்டித் தீர்த்திருப்பேன் அக்கா. நான் சிரிப்பேன்னு நெனச்சிருக்கான் பாரு. நான் அவன சந்தேகப்பட்டது ஒரு பங்குன்னா, அவன் என்னை சந்தேகப்பட்டது நாலு பங்கு.”

அடுத்த கோடையில் நீர் வந்தது. அதற்கு முன்பே எங்கள் தெருவை இடித்துவிட்டிருந்தார்கள். இருவருக்கும் ஆளுக்கொரு வீடு கிடைத்தது. சுய்பிங்குக்குத் தரைத்தளம், சாலையைப் பார்த்து. முன்னறையில் கடை போட்டாள். ஷோதே திருமணப் பதிவுக்கான போட்டோவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

“இப்ப வேணாம்” என்றாள்.

“ஏன்? வேற யாராச்சும்…”

“பாரு, உடனே புத்தி எங்க போகுதுன்னு!” என்று கரண்டியை ஓங்கினாள். “தட்டு கழுவத் தெரியுமில்ல? எனக்கு ஆள் வேணும். காலையில வா. எல்லாரும் பாக்கற மாதிரி வாசல்ல உக்காந்து கழுவணும். அதுக்கு வெக்கப்பட்டா வராத.”

முதல் வாரம் பழைய சுமைக்காரர்கள் வேண்டுமென்றே வந்து சாப்பிட்டார்கள். “மேஸ்திரி, இந்தக் கிண்ணத்துல கறை இருக்கே!” ஷோதேவுக்குக் காது சிவந்தது. எழுந்து போகவில்லை. பனிக்காலம் முழுக்க அந்தக் குளிர்ந்த தண்ணீரில் கை விட்டுக்கொண்டிருந்தான். சுய்பிங் ஒருநாள் வெந்நீர் வாளியை அவன் பக்கம் நகர்த்தி வைத்ததை நான் பார்த்தேன்.

குளிர் விட்டதும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள், நானும் போனேன். எழுத்தர் பெண் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். “எதுக்கு மறுபடி? புதுசா ஏதாச்சும் சலுகை வந்திருக்கா? எனக்குத் தெரியாம?”

“ஒண்ணும் வரல” என்றான் ஷோதே.

“அப்ப ஏன்?”

அவன் வாய் திறப்பதற்குள் சுய்பிங் முந்திக்கொண்டாள். “சீக்கிரம் குத்தும்மா. அடுப்புல எலும்புச்சாறு கொதிக்குது.”

எழுத்தர் முத்திரையைக் குத்தினாள். குத்திய பிறகும், நாங்கள் கதவைத் தாண்டும்வரை, எங்களையே முறைத்துக்கொண்டிருந்தாள்.