இரண்டாம் கட்டத்தில் போட்ட புள்ளடி

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுவது நல்லது. வேறு மாதிரி ஆரம்பிக்க எழுதுகிறவளுக்கும் ஆசைதான். ஆரம்பித்தும் பார்த்தாள்.

[மாத்தளை நகரத்தின் மேல் மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில், பீபி என்ற எழுபத்திரண்டு வயதுப் பெண்மணி தன் வாழ்வின் மிக முக்கியமான]

முக்கியமான என்ன? மண்ணாங்கட்டி. அன்றைக்கு மூடுபனியே இல்லை. பத்தரை மணி வெயில் பதிவு மேசையில் நேராக அடித்துக்கொண்டிருந்தது.

[ரோபோ பீபியைப் பார்த்துப் புன்னகைத்தது.]

அதற்கு முகமே கிடையாது. இதையும் வெட்டியாயிற்று.

எழுதுகிறவளின் பெயர் நிஷ்மியா. வயது முப்பத்து நாலு. மாத்தளை டவுனில் ஒரு தொண்டு நிலையத்தில் பதிவு மேசை வேலை. (நிலையத்தைத் தேடிப் போகாதீர்கள், அது இந்தக் கதைக்காகக் கட்டியது.) ‘நான்’ என்று எழுதப் போனால் கை கூசுகிறது என்பதால் தன்னையே ‘நிஷ்மியா’ என்று எழுதிக்கொள்கிறாள். ஏன் கூசுகிறது என்பது மூன்றாம் பகுதியில் தெரியும்.

2

அந்த ரோபோ, நடை பழக்கும் இயந்திரம், ஆறு மாத இரவலாக வெளிநாட்டிலிருந்து வந்தது. கீழே ஓடும் பட்டி, மேலே ஆளைத் தாங்கும் வார், இரண்டு பக்கமும் இரும்புக் கால்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஒப்பரேஷன் முடிந்து வரும் முதியவர்களை அதில் கட்டி நிறுத்தினால் அதுவே காலைத் தூக்கி வைக்கும். ஆள் சொந்தமாகத் தூக்கத் தொடங்கினால் தன் பலத்தை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளும். இதையெல்லாம் நிஷ்மியாவுக்கு விளக்கிச் சொன்னவர் பிசியோ பிரணவன், யாழ்ப்பாணத்துக்காரர், அந்த இயந்திரத்தைத் தன் பிள்ளையைப் போலத் துடைத்து வைப்பவர்.

இயந்திரத்தைத் திட்டி ஒரு முழுப் பக்கம் எழுதினாள். பிறகு கிழித்துப் போட்டாள். அது அநியாயம். இடுப்பு முறிந்து வந்த பீபி மாமி மகனின் பழைய களிசானைச் சேலைக்குள் போட்டுக்கொண்டு, திரைக்குப் பின்னால் அதில் ஏறி நின்ற முதல் நாள், பயத்தில் கலிமா சொன்னார். நாலாம் நாள், “பிடிய இன்னும் கொஞ்சம் விடச் சொல்லு, நானே தூக்குறேன்” என்று கேட்டார். இயந்திரம் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. அதற்குச் சொல்லிக் கொடுத்தவர்களைப் பற்றித்தான் பேச்சு.

3

சொல்லிக் கொடுத்தது படிவம். அதில் ஒரு கேள்வி: விழுவதற்கு முன் நோயாளி எவ்வளவு நடந்தார்? கீழே நாலு கட்டங்கள். ஒன்று, படுக்கையில். இரண்டு, வீட்டுக்குள் மட்டும். மூன்று, வெளியே, துணையோடு. நாலு, வெளியே, தனியாக. எந்தக் கட்டத்தில் பெருக்கல் குறிபோலப் புள்ளடி விழுகிறதோ அதுதான் இயந்திரத்துக்கு இலக்கு. இரண்டென்றால் பன்னிரண்டு நாள் பயிற்சி. நாலென்றால் முப்பத்தாறு நாள், ஏற்றமும் படியும் சேர்த்து.

படிவம் சிங்களத்தில் இருந்தது. நிஷ்மியா அதைத் தமிழில் வாசித்தாள். யாருக்கு வாசித்தாள் என்றால், மகன் மர்சூக்குக்கு. அவருக்கு டவுனில் டைல்ஸ் கடை. பின்னால் வரிசையில் அவருடைய வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்பதுபோல் சொன்னார்.

“உம்மாவ நாங்க எங்கயும் விடுறதில்ல, தங்கச்சி. வீட்டுக்குள்ளதான். எல்லாம் இருந்த இடத்துக்கே வந்துரும்.”

பெருமை. உம்மாவைக் கஷ்டப்படுத்தாத மகன். வரிசையில் இருந்தவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். சக்கரக் கதிரையில் இரண்டு முழம் தள்ளி இருந்த பீபி மாமி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

அடிக்குறிப்பு, ஆனால் அடியில் போட மனசில்லை: பீபி மாமிக்கு பலாபத்வலயில், வீட்டுக்குப் பின்னால் மேட்டில், சொந்தமாக அரை ஏக்கர் மிளகு. தினமும் விடிகாலை சுபஹு தொழுதுவிட்டு அந்த மேட்டில் ஏறுவார். பறித்துக் காயவைத்த மிளகைப் பையில் கட்டி, தனியாகவே பஸ் ஏறி மாத்தளைக்குக் கொண்டு வருவார். இது நிஷ்மியாவுக்குத் தெரியும். அந்த வழியாக வரும் கலேவெல பஸ்ஸில் எத்தனையோ தரம் அந்தப் பைக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தவள் அவள்.

தெரிந்துகொண்டே இரண்டாம் கட்டத்தில் புள்ளடி போட்டாள். குடும்பத்தார் சொல்வதை எழுது என்பது மேசையின் வழக்கம். வழக்கமாம், வழக்கம்!

4

பன்னிரண்டாம் நாள் பீபி மாமிக்கு நெற்றியெல்லாம் வியர்வை. முக்கால்வாசிப் பலம் அவருடையது, கால்வாசிதான் இயந்திரத்தினுடையது. அதன் கணினித் திரையில் பச்சை விளக்கு எரிந்தது, உள்ளிருந்து ஒரு குரல் ‘வெல் டன்’ என்றது. இலக்கு எட்டியாயிற்று. மறுநாள் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

வாரை அவிழ்க்கும்போது பீபி மாமி பிரணவனிடம் கேட்டார்.

“தம்பி, மேடு எப்ப ஏத்துவீங்க?”

பிரணவன் அவருடைய படிவக் கோவையைப் புரட்டினார். “எந்த மேடு அம்மா? நீங்கள் வீட்டுக்குள்ள மட்டும் நடக்கிறவ எண்டெல்லோ போட்டிருக்கு.”

பீபி மாமி திரும்பிப் பார்த்தார். அழைத்துப் போக வந்திருந்த மகனை அல்ல, பதிவு மேசையை.

5

[மர்சூக் ஒரு கல்நெஞ்சக்காரன். அவனுடைய கண்களில்]

இல்லை. இந்தப் பாத்திரத்தில் அவளுக்குச் சந்தேகம். முதல் நாள் லிஃப்ட் வேலை செய்யாதபோது உம்மாவை முதுகில் சுமந்து மாடிக்கு ஏறியவர் அவர், மேலே வந்து கண்ணைத் துடைத்ததை அவளே பார்த்தாள். கல்நெஞ்சக்காரனாக இருந்தால் எழுதுவது எவ்வளவு சுலபம்! பாசக்காரனிடம் கோபப்படுவதற்குத்தான் வயிறு எரிய வேண்டியிருக்கிறது.

அவருக்குப் போன் எடுத்தாள். நானா என்று அண்ணன் முறை வைத்தே பேசினாள். தவறாகப் பதிந்துவிட்டது நானா, திருத்தப் படிவத்தில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றாள். அவர் மறுத்தார். இந்த வயதில் உம்மாவுக்கு மேடு எதற்கு என்றார். இடுப்பு உடைந்தவரை மிளகுக்கு அனுப்புகிறான் என்று ஊர் பேசுவதா என்றார். மிளகுக் கொடியெல்லாம் வேறொரு ஆளிடம் ஒப்படைத்தாயிற்று என்றார். உம்மாவிடம் கேட்டீர்களா என்று அவள் கேட்டதற்கு, அதை எதற்குக் கேட்க வேண்டும் என்றார்.

போனை வைத்த பிறகு நிஷ்மியா திருத்தப் படிவத்தை மேசையில் அறைந்து வைத்தாள். என்ன மனுஷர்கள் நாங்கள்! ஒருத்தி காலை உடைத்துக்கொண்டால் அவள் வாயையும் சேர்த்துக் கட்டிப்போட்டு, அதற்குப் பராமரிப்பு என்று பெயர் வைக்கிறோம்.

அந்தக் கோபத்தில் பாதி தன் மேல் என்பது அவளுக்குத் தெரியும்.

பிரணவன் கணக்குப் பார்த்தார். இயந்திரம் திரும்பிப் போக ஐந்து கிழமை, ஐந்தே வாரம், இருக்கிறது. வெள்ளிக்குள் திருத்தப் படிவம் வந்தால் மீதி இருபத்து நாலு நாளையும் கொடுக்கலாம். பிந்தினால் முடியாது. கையெழுத்து குடும்பத்தாருடையது, அல்லது நோயாளியுடையது. அந்த ‘அல்லது’ இவ்வளவு நாளும் அங்கேதான் அச்சாகி இருந்திருக்கிறது. ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

6

வியாழன் பகல் நிஷ்மியா பலாபத்வலவுக்குப் போனாள். பீபி மாமி நடைச்சட்டத்தைப் பிடித்தபடி அறையிலிருந்து குசினிக்கும் குசினியிலிருந்து அறைக்கும் நடந்துகொண்டிருந்தார். படிவத்தில் போட்டது போலவே, வீட்டுக்குள் மட்டும். மர்சூக் சாப்பிட வந்திருந்தார். அவளைக் கண்டதும் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு வாசல் நிலையோடு நின்றார்.

நிஷ்மியா படிவத்தைக் கதிரையில் வைத்து, அந்தக் கேள்வியை முதல் தடவையாகப் பீபி மாமிக்கு வாசித்தாள். நாலு கட்டங்களையும் வாசித்தாள்.

“இத ஏன் அன்னைக்கே என்கிட்ட கேக்கல?” என்றார் பீபி மாமி.

நிஷ்மியாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதை மறைக்க ஒரு கேவலமான பதில்தான் வாயில் வந்தது. “நீங்களும் ஒண்ணும் சொல்லலியே மாமி.”

“நாலு பேருக்கு முன்னால நானா வாய் திறந்தா, என் மகனப் பொய்யன்னு சொன்னதா ஆகும். நீ கேட்டிருந்தா, கேட்டதுக்குப் பதில் சொன்னதா இருந்திருக்கும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்திச்சு.”

வாசலில் மர்சூக், “உம்மா, வேணாம்” என்றார். சத்தமில்லாமல்தான் சொன்னார். பீபி மாமி அவரைப் பார்த்தார், பிறகு பேனாவுக்குக் கையை நீட்டினார்.

7

இங்கே எழுதுகிறவளிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

முதலாவதில், நாலாம் கட்டத்தில் புள்ளடி. ஐந்து கிழமை கழித்து பீபி மாமி மேட்டில் நின்று மிளகு பறிக்கிறார், கீழே மகன் தலை குனிந்து நிற்கிறார். இதை எழுதிய இரவு எழுதுகிறவள் நிம்மதியாகத் தூங்கினாள். அதனாலேயே அதை நம்பவில்லை.

இரண்டாவதில், மகனின் மானத்துக்காக மாமி மறுபடியும் இரண்டாம் கட்டத்தையே நிரப்புகிறார். வாசகர்கள் அழுவார்கள். [கண்ணீர்த் துளி படிவத்தில் விழுந்து] சீ.

மூன்றாவதில், படிவம் வெறுமையாகவே திரும்புகிறது. வெள்ளிக்கிழமை காலை, யாரும் வருவதற்கு முன்னால், நிஷ்மியாவே நாலில் புள்ளடி போட்டு, கீழே பீபி என்று கையெழுத்தும் வைக்கிறாள். நல்ல நோக்கம்தான். மர்சூக்கினதும் நல்ல நோக்கம்தான்.

மூன்றையும் அடித்துவிட்டேன்.

ஆம், அடித்துவிட்டேன். நிஷ்மியா என்று எழுதிக்கொண்டிருந்தது போதும். அன்றைக்கு அந்தப் புள்ளடியைப் போட்டது நான். பக்கத்தில் இருந்த மனுஷியைக் கேட்காமல், அவர் கால் எவ்வளவு தூரம் போகும் என்பதை அவருக்குப் பதிலாக எழுதியது என் கை. இந்தக் கதைக்கு நான் ஒரு முடிவு எழுதினால் அது இரண்டாவது புள்ளடி. எழுத மாட்டேன்.

படிவம் இது:

விழுவதற்கு முன் நோயாளி எவ்வளவு நடந்தார்?
1 [ ]  2 [ ]  3 [ ]  4 [ ]
நோயாளியின் கையெழுத்து: ....................

பேனா பீபி மாமியின் கையில் இருக்கிறது. உங்களுக்குள்ளும் ஒரு கட்டம் இந்நேரம் நிரம்பியிருக்கும், எனக்குத் தெரியும். அதை அழித்துவிடுங்கள். மர்சூக் நானா, நீங்களும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அவர் எழுதட்டும்.