மூடி தனி, கிண்ணம் தனி

பதினோரு வருடத்தில் என் கை கட்டிய பார்சல் ஒன்றுகூட உடைந்து போனதில்லை. சீனத்துப் பீங்கான் ஊரான எங்கள் ஜிங்தெஜென்னில் பீங்கான் செய்ய ஆயிரம் பேர் உண்டு. அதை முழுசாக ஊர் தாண்ட வைக்கிற கைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் "கட்டியது: து யூஹோங்" என்று ஒரு சீட்டு போடுவேன். திமிர்தான், இருக்கட்டும்.

அன்று மதியம் முதலாளியம்மா ஷென் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஹாங்ஜோவிலிருந்து வந்தவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். போனில் லைவ் போட்டு, சிரித்துப் பேசியே பழைய பீங்கானை விற்றுத் தள்ளுவாள். பெட்டி கட்டி மட்டும் பழக்கமில்லை.

"பாருங்க அக்கா, கெங் வாத்தியாருக்குப் போன மூடி போட்ட டீக் கிண்ணம் உடைஞ்சிருக்கு."

பழம்பொருள் சேர்க்கிறவர்களை நாங்கள் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம், பாடம் நடத்தாவிட்டாலும். இவர் தூரத்தில் ஷென்யாங் நகரத்தில் இருக்கிறார், இணையத்தில் இவரைப் பின்தொடர்கிறவர்கள் மூன்று லட்சம் பேர். பிரிக்கும்போது வீடியோ எடுக்க வேண்டும் என்பது கடை விதி, எடுத்திருந்தார். பெட்டி திறந்தது. ஒரே உறைக்குள்ளிருந்து தட்டு, கிண்ணம், மேலே மூடி என்று அடுக்கு குலையாமல் வெளியே வந்தது. கிண்ணத்தின் விளிம்பில் ஒரு துண்டு காணோம். என் சீட்டைத் தூக்கிக் காட்டி, "இந்தம்மா தூங்கிக்கிட்டே கட்டினாங்க போல" என்றார். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

"காலையிலேயே லைவ்ல சொல்லிட்டேன், உங்க கவனக்குறைவுதான்னு" என்றாள் ஷென். "மூணு மணிக்கு வந்து மன்னிப்பு கேட்டுத் தலை குனிஞ்சுட்டுப் போங்க. ஒரு நிமிஷ வேலை."

"நான் உடைக்கலையே."

"யார் உடைச்சா என்னக்கா? அவரைப் பகைச்சா கடை படுத்துடும்."

"படுக்கட்டும். என் பேரு படுக்காது."

வீடியோவை மறுபடி ஓட்டினேன். மூன்றாம் முறை சிரிப்பு வந்துவிட்டது.

"மூடி எங்க இருக்கு பாருங்க."

"கிண்ணத்து மேல. வேற எங்க இருக்கும்?"

மேஜையில் என்றால் அங்கேதான் இருக்கும். பார்சலில் அப்படி வைத்தால் வழியெல்லாம் ஒன்றோடொன்று இடித்து இரண்டும் போய்விடும். மூடி தனி, கிண்ணம் தனி, தட்டு தனி. ஒவ்வொன்றுக்கும் தனி உறை, தெர்மாகோலில் தனிக் குழி. எங்கள் ஊரில் பார்சல் கட்டுகிற எவரும் வேறு மாதிரி கட்ட மாட்டார்கள்.

"உங்க வாத்தியார் வீடியோ எடுக்கிறதுக்கு முன்னாடியே பிரிச்சு டீ குடிச்சிருக்காரு. கீழ போட்டுட்டு, அலமாரியில வைக்கிற மாதிரியே அடுக்கி, திரும்ப டேப் ஒட்டியிருக்காரு."

ஷென்னின் முகம் வெளுத்தது. "இருந்தாலும் சொல்லிடாதீங்கக்கா. பெரிய மனுஷன், முகத்துல கரி பூசின மாதிரி ஆயிடும்."

"அதைத் துடைக்க என் முகம் என்ன கைத்துணியா?"

மூன்று மணிக்கு லைவில் நின்றேன். தலை குனியவில்லை. ஷென்னின் அலமாரியிலிருந்து அவளுடைய சொந்தப் பழைய மூடிக் கிண்ணத்தைத் தட்டோடு எடுத்தேன்.

"அக்கா, அது என்னோடது!" என்றாள், சிரிப்பு மாறாமல், பல்லுக்கிடையில்.

"தெரியும்."

எல்லோரும் பார்க்க மூன்றையும் தனித்தனியாக உறையிட்டுக் குழிகளில் பதித்தேன். சீட்டைப் போட்டு டேப் ஒட்டினேன். மூன்றாம் மாடிக்கு ஏறினேன். ஷென் போனைப் பிடித்தபடி கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள். அங்கிருந்து பெட்டியைக் கீழே முற்றத்தில் போட்டேன். அவள் அலறிய அலறல் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

கீழே போய்ப் பிரித்தேன். மூன்றிலும் ஒரு கீறல் இல்லை.

"கெங் வாத்தியாரே, பார்த்துக்கிட்டுதான் இருப்பீங்க. நான் கட்டுறது இப்படித்தான். உங்க வீடியோவுல கிண்ணத்து மேல மூடியை வெச்சது யாரு?"

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். யாரு, யாரு என்று திரை நிறைந்து வழிந்தது. வாத்தியாரின் பெயர் மட்டும் சத்தமில்லாமல் லைவிலிருந்து கழன்றுகொண்டது.

ஷென் போனைக் கையால் பொத்தினாள். "சரிக்கா, ஜெயிச்சுட்டீங்க. போய் வேலையைப் பாருங்க, நாப்பது பார்சல் நிக்குது."

"நிக்கட்டும். காலையில என் பேரைச் சொன்னது லைவ்லதானே? இப்பவும் லைவ்லயே சொல்லுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை. கையை விலக்கி, பெட்டிக்குள்ளிருந்த சீட்டை எடுத்துப் படித்தாள்: "கட்டியது து யூஹோங். அவங்க மேல தப்பில்லை. தப்பாச் சொன்னது நான்." தலை குனிந்தாள்.

அவளுடைய கிண்ணத்தை அலமாரியில் திரும்ப வைத்து, மேலே மூடியை வைத்தேன். அது எந்த ஊருக்கும் போகப்போவதில்லையே.