வளைவில் உட்கார்ந்தவள்

சூரியன் கிளம்பும் முன்பே பத்துப் பெண்கள் புல்லில் குந்தியாகிவிட்டது. கோல்ஃப் மைதானத்துப் பச்சையில் கோரை தலைகாட்டினால் வீட்டுக்காரர்களுக்குப் பொறுக்காது. கிழங்கு அறுபடாமல் சின்னக் கத்தியை விட்டு நெம்பிப் பிடுங்க வேண்டும். பனி சேலையை முழங்கால்வரை நனைக்கும். முந்தின நாள் போட்ட உரம் நகக்கண்ணில் ஏறி எரியும். பொன்செல்விக்கு மட்டும் வேறு வேலை. வேலிச்செடி வெட்டுகிற மிஷின் அவள் கையில். ஆறு வருஷமாக அது அதிர்ந்து அதிர்ந்து விரல் நுனிகள் மரத்துவிட்டன. சுடுசோற்றைப் பிசைந்தாலும் சூடு தெரிவதில்லை.

சீவலப்பேரி பஸ் போகிற வழியில், ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது அந்தக் குடியிருப்பு. சுற்றிலும் வீடுகள், நடுவில் மைதானம். சிவப்புக் கல் பதித்த நடைபாதையும் உண்டு. அதில் வீட்டுக்காரர்கள் நடக்கலாம், அவர்களுடைய நாய்கள் நடக்கலாம். வேலையாட்கள் நடந்தால் கல்லில் சேறு படியுமாம். அவர்கள் பேட்டரி வண்டி ஓடுகிற தார்ப்பாதையில்தான் போக வேண்டும். இன்னொரு சட்டமும் இருந்தது. ஆட்டக்காரர் பந்தை அடிக்கத் தயாரானதும், மேற்பார்வை பார்க்கிற கிருபைராஜ் விசில் ஊதுவான். ஊதினால் வேலையாட்கள் நின்ற இடத்தில் குந்திவிட வேண்டும். தலையில் பந்து படாது. ஆட்டக்காரர் கண்ணிலும் ஆள் படாது. நாளைக்கு நாற்பது தடவை குந்தி எழுந்ததில், காதுக்குக் கேட்கும் முன்பே முழங்கால் மடங்கப் பழகிவிட்டது.

அன்று ஆபிதா பீவி வெட்டிய புல்லைக் கூடையில் சுமந்து உரக்குழிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மேலப்பாளையத்துக்காரி. மூத்தவள் என்பதால் பொன்செல்வி அவளை லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். குழிக்கு முன்னால் பாதை வளைகிறது. வளைவில் வேலிச்செடி ஆளுயரம். விசில் கேட்டது. லாத்தா தார்ப்பாதையிலேயே கூடையோடு குந்தினாள். செடிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த வண்டிக்கு அவள் தெரியவில்லை. இருபதடி தள்ளி, தானும் குந்தியபடியே பொன்செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து கத்தத் தோன்றும் முன்பே முடிந்துவிட்டது.

வண்டியை ஓட்டிய விருந்தாளி இறங்கி இரண்டு முறை சாரி சொன்னார். லாத்தாவின் இடது தொடை எலும்பு முறிந்திருந்தது. அவள் கத்தவில்லை. கொட்டிய புல்லைக் கூட்டி அள்ளச் சொன்னாள்.

பொன்செல்வி அழவில்லை. அந்தச் செடியை இடுப்பளவுக்கு வெட்டட்டுமா என்று இரண்டு தடவை கேட்டிருந்தாள். வெட்டினால் உரக்குழி வீடுகளுக்குத் தெரியும், வேண்டாம் என்று மேலாளர் மகேஷ் சொல்லிவிட்டார். கேட்காமலே வெட்டியிருக்கலாம், மிஷின் என் கையில்தானே இருந்தது என்று நினைத்தாள். நினைத்தும் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்குப் போனாள், உலை வைத்தாள், தின்றாள், படுத்தாள். விரலில் இருந்த மரப்பு நெஞ்சுவரை ஏறிவிட்டது போலிருந்தது.

நான்காம் நாள் முதலாளி அம்மையப்பன் ஆபீசுக்குக் கூப்பிட்டார். நெற்றி நிறையத் திருநீறு. குரல் எப்போதும் கருப்பட்டிதான். ஓரத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி கிருபைராஜ் நின்றான். நேரில் பார்த்தவள் என்பதால் பொன்செல்வியின் சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம். மகேஷ் காகிதத்தை வாசித்தார். ஆபிதா பீவி வேலை நேரத்தில் பாதையில் அமர்ந்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது விபத்து நேர்ந்தது என்று அதில் இருந்தது. அப்படி ஆகிவிட்டால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை. லாத்தா தன் முறிந்த காலைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கையெழுத்துப் போடாவிட்டால் பொன்செல்விக்கு வேலை போகும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இல்லை.

"லாத்தா ஓய்வெடுக்க உக்காரல, அண்ணாச்சி. விசில் கேட்டுச்சு, உக்காந்தாவ" என்று முதலாளியிடம் சொன்னாள்.

"அது உங்க தலைக்குப் பாதுகாப்புன்னு சொன்னதும்மா. ரோட்டுல உக்காரச் சொன்னேனா?"

"நின்ன எடத்துல உக்காரச் சொன்னிய. நாங்க நிக்கது ரோட்டுலதான. நடைபாதையில கால் வைக்கவும் விட மாட்டேங்கிய."

"எந்தக் காயிதத்துல அப்படி எழுதியிருக்கு? காட்டு, பாப்போம்."

எங்கும் எழுதியிருக்கவில்லை. சட்டமெல்லாம் வாயால் போட்டவை. கையெழுத்து வாங்க மட்டும்தான் அங்கே காகிதம். பொன்செல்வி கிருபைராஜைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"நான் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பயமும் இல்லை, வீரமும் இல்லை. கால் தானாக நடந்தது.

நடந்ததைப் பெண்களிடம் சொன்னாள். ஆளுக்கொரு கடன், ஆளுக்கொரு பிள்ளை. அவர்களில் ஞானம்பாள்தான் முதலில் பேசினாள்.

"நாளைக்கு அந்தக் கூடையை நான்லா எடுத்துட்டுப் போணும். நானும் அங்கனதான் உக்காருவேன்."

அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. வளைவுச் செடியை வெட்ட வேண்டும், நடைபாதையில் நடக்க விட வேண்டும், லாத்தாவுக்கு நேர்ந்ததை நேர்ந்தபடி எழுத வேண்டும். அதுவரை உள்ளே போவதில்லை என்று முடிவாயிற்று.

மறுநாள் விடியலில் காவலாளி கேட்டைத் திறந்தார். லாத்தாவைத் தவிர மற்ற பெண்கள் எல்லாரும் வெளியிலேயே நின்றார்கள். தொழிலாளர் ஆபீசுக்குக் கொடுக்க, நோட்டில் கிழித்த தாளில் விபத்து நடந்த விதத்தைப் பொன்செல்வி எழுதிக்கொண்டிருந்தாள். கிருபைராஜ் பைக்கில் வந்தான். அவன் உள்ளே போய்விட்டால் அப்படியொரு விசிலே கிடையாது என்று முதலாளி சாதித்துவிடுவார். அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஏசாமல் வழிவிட்டார்கள். அவன் போகவில்லை. வண்டியை அணைத்துவிட்டு அவளிடம் வந்தான்.

"என்ன எழுதியிருக்க, செல்வி?"

விசில் கேட்டதால் உட்கார்ந்தார் என்பது வரை வாசித்துக் காட்டினாள்.

"யாரு ஊதுனான்னு எழுதலையே."

"ஒங்க பேரு எதுக்கு அண்ணே, நீங்க பிள்ளைக்காரரு."

"போடு. அண்ணாச்சி ஊதச் சொன்னாவ, நான் ஊதுனேன். வளைவுல ஆள் நிக்கான்னு பாக்காம ஊதுனேன். அதையும் எழுது. நான் கையெழுத்துப் போடுதேன்."

அவன் சொன்னபடியே எழுதிக்கொண்டு போனாள். பார்க்காமல் என்ற சொல்லுக்கு வந்ததும் அவளால் முடியவில்லை. அவன் பார்க்கவில்லை, அவள் பார்த்துக்கொண்டே குந்தியிருந்தாள். ஐந்து நாளாக எங்கே இருந்ததோ, அத்தனை அழுகையும் சேர்ந்து வந்தது. தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு விம்மினாள். ஞானம்பாள் தாளையும் பேனாவையும் பைய வாங்கி, அவள் விட்ட இடத்திலிருந்து எழுதினாள்.