இடப்பக்கத்து முதல் திருப்பம்

"சாய்ங்க... சாய்ங்க... விட்றாதீங்க!"

மினி லாரியிலிருந்து பலகை வழியாக அந்தப் பெரிய மோட்டார் பைக் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு பேர் பிடித்திருந்தார்கள். இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கும். ஹேண்டில் ஒரு பக்கமாகத் திருகிப்போய், கழுத்து சுளுக்கிய ஆள் மாதிரி எங்கேயோ பார்த்தது. அவள் ஐந்தாவது ஆளாகப் போய் இடது பக்கத்துப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எதுக்கும்மா வர்ற? உள்ள போய் உட்காரு" என்றார் கணவனின் அண்ணன்.

"பெட்டி கழண்டுடும் அத்தான். அதோட கொக்கி போன மாசம் ஒட்டினது."

கழலவில்லை. முன்பக்கக் கண்ணாடி இல்லை, பெட்ரோல் டாங்க் நசுங்கிப் போயிருந்தது, விளக்கு உள்ளே போயிருந்தது. ஒட்டின கொக்கி மட்டும் ஒன்றும் நடக்காதது போல் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

முன்சக்கரம் தொப்பென்று தரையில் விழுந்தது. அந்த ஆட்டத்தில் இடது பக்க இண்டிகேட்டர் கண்ணைத் திறந்தது. டிக். டிக். டிக்.

பிடித்திருந்தவர்களில் ஒருவர் கையை எடுத்துவிட்டார்.

"பயப்படாதீங்க. சாவி உள்ளயே வளைஞ்சு மாட்டிக்கிச்சு, ஆட்டத்துல உசுரு வந்துடுச்சு" என்றார் மெக்கானிக். சொன்ன பிறகுதான் என்ன வார்த்தை சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, வண்டியை வீட்டோரத்துக் கொட்டகைக்குள் தள்ளிச் சுவரில் சாய்த்தார். இடப்பக்க ஸ்டாண்டு பின்பக்கமாக வளைந்து கிடந்தது. அதை நம்பி நிறுத்த முடியாது.

"போலீசுல அளந்து எழுதிட்டாங்க. சரளைல சறுக்கினதுன்னு முடிச்சாச்சு. ரோட்டோரம் கிடக்க வேணாம்னு எடுத்துட்டு வந்துட்டேன் பல்லக்கா."

தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்றுதான் பெயர். பல் கட்டும் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை. ஊரில் பாதி வாய்க்குள் இருக்கிற பற்கள் அவள் கையில் உருவானவை. அவள் கணவனுக்கு அலுவலகத்தில் 'ஒட்டு' என்று பெயர். உடைந்த எதையும் அவன் தூக்கிப் போட்டதில்லை. வருஷத்தில் இரண்டு தடவை இருவரும் அந்தப் பெரிய வண்டியில் பெட்டிகளை மாட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு நாள் ஊர் சுற்றுவார்கள். திரும்பி வரும்போது வண்டியில் ஏதாவது சின்னதாக உடைந்திருக்கும். கடைக்குப் போக மாட்டார்கள். பல் செட்டுக்கு ஈறு வார்க்கிற ரோஸ் நிறப் பொடியையும் திரவத்தையும் அவள் கூடத்திலிருந்து கொண்டு வருவாள். அவன் உடைந்ததைத் தேய்த்துச் சுத்தம் செய்வான், அவள் வார்ப்பாள். வண்டியின் மூடியைக் கழற்றினால் உள்ளே எங்கு பார்த்தாலும் ரோஸ் நிறம்.

"என் பொழப்புல மண்ணப் போடவே ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா?" என்று இதே மெக்கானிக் கேட்டதுண்டு. "ஒரு நாளைக்கு இந்த வண்டி வாயத் திறந்து சிரிக்கப் போகுது பாருங்க."

இன்று அவர் சிரிக்கவில்லை.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி அவன் உடலைக் கொண்டுவரும் என்றார்கள். வீடு நிறைய ஆட்கள். அவள் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்தாள். நாற்காலியின் கை ரோஸ். ஃபிரிட்ஜின் பிடி ரோஸ். யாரோ குடித்து வைத்த குவளையின் காது ரோஸ். எல்லாவற்றிலும் அவன் விரல் தேய்த்த வழவழப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் இண்டிகேட்டர் நிற்காமல் சொட்டிக்கொண்டிருந்தது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஸ்டாண்டு!"

அவளுடைய இடது கால் தானாக எழுந்து, காற்றை உதைத்து, கீழே இறங்கியது. பக்கத்தில் இருந்தவள் முழங்காலைத் தடவிக்கொடுத்தாள். நேற்று மத்தியானத்திலிருந்து இது ஏழாவது தடவை.

பதினோரு வருஷப் பழக்கம் அது. பெட்டிகள் மாட்டின வண்டியில் அவன் முதலில் ஏறி நிமிர்த்திப் பிடிப்பான். "ஸ்டாண்டு!" என்பான். இடப்பக்கம் நிற்கிற அவள் குதிகாலால் ஸ்டாண்டை உதைத்து மடக்கிவிட்டு, பின்னால் ஏறிக்கொள்வாள். அந்த வண்டியை அவன் தனியாக எடுத்ததே இல்லை. அலுவலகத்துக்குப் பஸ். வண்டி ஊர் சுற்ற மட்டும், அதுவும் அவளோடு மட்டும்.

நேற்றுத்தான் தனியாக எடுத்தான். அவளுக்குப் பல் கட்டும் கூடத்தில் அவசர வேலை. ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பாவுக்கு மேல் வரிசைப் பல் சாயங்காலத்துக்குள் வேண்டுமாம். "நீ பல்லைக் கட்டு. நான் மலை அடிவாரம் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்று போனில் சொன்னான்.

பார்க்க வேண்டியது ஒரு குமிழ். கடுகைவிடப் பெரியது, மிளகைவிடச் சின்னது.

ஸ்டாண்டு கீழே இருந்தால், கியர் போட்டதும் என்ஜின் தானாக அணைந்துவிட வேண்டும். அதற்கென்று ஸ்டாண்டின் மூட்டில் ஒரு ஸ்விட்ச் உண்டு. அதன் குமிழ் தேய்ந்துபோய், ஸ்டாண்டு மேலே இருக்கும்போதே வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் அவள் புதுக் குமிழ் வார்த்துப் பொருத்தினாள். வண்டி ஓடியது. நிற்காமல் ஓடியது. இருவரும் கைதட்டாத குறை.

ஓடுகிறதா என்று பார்த்தார்கள். ஸ்டாண்டைக் கீழே விட்டால் நிற்கிறதா என்று பார்க்கவில்லை.

வாசலில் புது ஆள் ஒருவர் வந்து, தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றார். தண்ணீர் லாரி டிரைவராம். நேற்றுப் பின்னால் வந்தவர். அவர்தான் முதலில் இறங்கி ஓடியிருக்கிறார்.

"சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். நிதானமாத்தான் போனாரு. திருப்பத்துக்கு இண்டிகேட்டர்கூடப் போட்டாரு. யாருங்க போடறா வளைவுக்கெல்லாம்?" அவர் கையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டினார். "இடது பக்கம் சாஞ்சாரு. அப்படியே யாரோ கீழேர்ந்து தூக்கிவிட்ட மாதிரி வண்டி எழும்பிச்சு. நான் பொய் சொல்லல. ரோட்டுக்குள்ளேர்ந்து ஒரு கை வந்த மாதிரி. ராத்திரி பூரா அதேதான் கண்ணு முன்னாடி."

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அந்தத் திருப்பமே சரியில்ல" என்றது ஒரு குரல்.

நடந்தது புரிய அவளுக்கு அந்தக் கை தேவைப்படவில்லை. வீட்டு வாசலிலிருந்து வலது. தண்ணீர்த் தொட்டியருகே மறுபடி வலது. அப்புறம் நேர் ரோடு, பாலம், நேர் ரோடு. வண்டி இடப்பக்கம் சாய்கிற முதல் இடம் அந்தத் திருப்பம்தான். அதுவரை ஸ்டாண்டு தரைக்குமேல் நாலு விரல் உயரத்தில் தொங்கிக்கொண்டே, சத்தம் போடாமல், கூடவே போயிருக்கிறது.

இனி அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். சரளை என்று எழுதியாகிவிட்டது.

"அவன் போன்ல பேசிக்கிட்டு இருந்தானா?"

கேட்டது அத்தான். டிரைவரின் முழங்கையைப் பிடித்திருந்தார்.

"இல்லீங்க. ரெண்டு கையும் ஹேண்டில்லதான் இருந்துச்சு."

"நல்லாப் பாத்தீங்களா?"

"சத்தியமா."

அத்தான் தலையாட்டினார். நம்பவில்லை என்று முகம் சொன்னது. அவர் பின்கட்டுக்குப் போனார். அவளும் எழுந்து போனாள். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் நூல் சுற்றியிருந்தது.

"சாப்பிடலையாமே அத்தான், நேத்துலேர்ந்து?"

அவர் தன் செல்போனை எடுத்து அவளிடம் நீட்டினார். நேற்றுக் காலை பத்து பத்து. பத்து பதினொன்று. பத்து பன்னிரண்டு. மூன்றும் தம்பிக்கு அடித்தவை, விபத்து நடந்த நேரத்தில்.

"அவன் செல்லு ரோட்டுல தனியாக் கிடந்துச்சாம். எடுக்கப் போயிருக்கான். நான் விடாம அடிச்சா எடுக்க மாட்டானா?"

"டிரைவர்தான் சொன்னாரே..."

"என் மனசு ஆறட்டும்னு சொல்றாரு பாவம். எனக்கு என்ன அவசரம்மா? ஒண்ணும் இல்ல. இந்தக் கண்ணாடிக் காது உடைஞ்சு போச்சு. எந்தப் பசை போடணும்னு கேக்கக் கூப்பிட்டேன். ஒரு பசை. அதுக்குக் கொன்னுட்டேன் அவன."

அவர் அழவில்லை. கல்லை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டு வயது. தம்பியைவிடப் பதினாறு வருஷம் மூத்தவர், அவனை சைக்கிள் பின்னால் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். இந்த மூன்று எண்களையும் சாகிற வரைக்கும் எண்ணிக்கொண்டிருப்பார்.

அவள் செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அத்தான், வண்டிகிட்ட வாங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

கொட்டகையில் இண்டிகேட்டர் சோர்ந்துபோயிருந்தது. டிக். வெகு நேரம் கழித்து ஒரு டிக். அப்புறம் இல்லை. வண்டியின் மீட்டர் முகப்பில் மட்டும் இரண்டு மூன்று விளக்குகள் மங்கலாக மிச்சம் இருந்தன.

"ஸ்டாண்டு கீழதான இருக்கு?" என்றாள்.

"ஆமா."

"முனையப் பாருங்க."

அவர் குனிந்தார். கறுப்புச் சாயம் போன இடத்தில் இரும்பு வெள்ளி மாதிரி மின்னியது. தார் ஒட்டியிருந்தது. சாய்ந்தபோது ரோட்டில் ஊன்றியது அதுதான்.

"ஸ்டாண்டு கீழ இருந்தா இந்த இடத்துல ஒரு சிவப்பு விளக்கு எரியணும். எரியுதா?"

"இல்ல... பச்சை எரியுது. மஞ்சள் எரியுது."

"சிவப்பு எரியாது. ஸ்டாண்டு மேல இருக்கிறதா வண்டி நெனச்சுக்கிட்டு இருக்கு." அவள் மண்டியிட்டு, மூட்டுக்குள் விரலை விட்டுக் காட்டினாள். "இந்தக் குமிழு ஒரு மயிரிழை நீளம் கூடிப்போச்சு. அழுத்தினபடியே மாட்டிக்கிச்சு. சரியா இருந்திருந்தா வாசல்லயே அணைஞ்சு நின்னிருக்கும். அவருக்கு ஸ்டாண்டு மடக்கற பழக்கமே இல்ல. அது என் வேலை."

அத்தான் இன்னும் கிட்டே குனிந்தார்.

"வேற யாரும் செய்யல. நான் செஞ்சது. வியாழக்கிழமை, சமையல் மேடையில வச்சு. உங்க போனு இல்ல அத்தான்."

அவர் நூல் சுற்றிய கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். அந்த ரோஸ் நிறப் புள்ளியை வெகு நேரம் பார்த்தார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்கே நேத்து, அந்தத் திருப்பம்னு சொன்னப்பத்தான்..."

வெளியே ஒரு வண்டியின் ஹாரன் தயங்கித் தயங்கி அடித்தது. கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. அத்தான் முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். அவள் பக்கம் திரும்பாமல் வெளியே போனார்.

அவள் கொட்டகையிலேயே நின்றாள். எல்லோரிடமும் சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். சொல்லட்டும் என்றும் நினைத்தாள். வெளிக் கேட் பக்கம் அவர் குரல் கேட்டது. ஆஸ்பத்திரி வண்டியைப் பின்பக்கமாக வரச் சொல்லிக்கொண்டிருந்தார். "வா... வா... போதும்." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் வாசலுக்குப் போனபோது ஸ்டிரெச்சரைப் பாதி இழுத்திருந்தார்கள். பின்னால் மெக்கானிக்கும் லாரி டிரைவரும். முன்னால் ஒரு கைப்பிடியில் அத்தான். இன்னொன்றைப் பிடிக்கப் பக்கத்து வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். அத்தான் அவரைக் கையமர்த்தினார்.

"இருங்க. அத அவ பிடிக்கட்டும்."

"பொம்பளப் பிள்ள எப்படிங்க இவ்வளவு கனத்த..."

"பிடிப்பா."

அவள் போய்ப் பிடித்தாள். இரும்பு ஜில்லென்று இருந்தது. நான்கு பேரும் ஒன்றாகத் தூக்கினார்கள். அத்தான் அவளைவிட ஒரு தலை உயரம். ஸ்டிரெச்சர் அவள் பக்கம் சாய்ந்தது, போர்த்திய துணிக்குள் கனம் அவளை நோக்கி மெல்ல நகர்ந்தது.

அத்தான் அதைப் பார்த்தார். முழங்காலை மடக்கி, தோளை இறக்கி, தன் பக்கத்தை அவள் உயரத்துக்குத் தாழ்த்தினார். வாசலுக்கு மூன்று படி. மூன்றையும் அவர் அப்படிக் குனிந்தபடியே ஏறினார்.